செபமாலை சொல்லும் லொறி

பியற்றிஸ் தன் வாழ்நாளில் லொறி ஓட்டியதில்லை. காரைக்கூட மழை பெய்யாத நாளில், கோயிலுக்கும் கடைக்கும் மட்டும்தான் எடுப்பாள். ஆனால் ஸ்கொட்லாந்தில் பெர்த்துக்கு வடக்கே எந்த வளைவில் முதலில் பனி உறையும், எந்தப் பாலத்தில் காற்றடித்தால் உயரமான வண்டிகளை மறிப்பார்கள், எந்த ஊரில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒரு தேத்தண்ணிகூட வாங்க முடியாது என்று அவளைக் கேட்டால், கறி கிளறிக்கொண்டே சொல்லுவாள். லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு குசினி மேசையும் ஒரு லப்டொப்பும் இரண்டு போனும்தான் அவளுடைய கொம்பனியின் தலைமைக் காரியாலயம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கொம்பனிக்குப் பெயர் எம்.எம். வெள்ளைக்காரர் அது ஏதோ முதலாளியின் முதலெழுத்து என்று நினைப்பார்கள். மன்னாரில் கோயில்கொண்ட மடு மாதா என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொண்டிருப்பது?

கொம்பனியின் மற்றப் பாதி அவளுடைய புருசன் லெஸ்லி. மன்னாரில் பேசாலையில் பிறந்தவர். இங்கே வந்த புதிதில் மற்ற எல்லாரையும்போல பெற்றோல் செட்டில் நின்றார், பீட்ஸா கொண்டுபோய்க் கொடுத்தார், ஒரு குளிர்சாதனக் கிடங்கில் பெட்டி தூக்கினார். பிறகு லொறி லைசென்ஸ் எடுத்தார். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவன், புத்தி பேதலித்தவன்போல, ஸ்கொட்லாந்தின் வடக்கு நுனியில் விக் என்ற ஊரில் ஒரு பெற்றோல் செட்டை வாங்கிவிட்டு, "அண்ணை, இஞ்சை கருவேப்பிலைக்கும் வழியில்லை" என்று அழுதான். லெஸ்லி வாடகை வான் ஒன்றில் அரிசியும் கருவேப்பிலையும் மீனும் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த முறை போகும்போது வழியில் இருந்த கறிக் கடைகள், ஹொட்டேல்கள், பெற்றோல் செட்டுகள் எல்லாம் கையை நீட்டின. பெரிய கொம்பனிகள் இன்வர்னெஸ்ஸோடு திரும்பிவிடும். அதற்கு அப்பால் மானும் ஆடும் காற்றும்தான். லெஸ்லி அதற்கு அப்பால் போனார். அதுதான் அவர்களுடைய தொழில். இப்போது இரண்டு குளிர்சாதன லொறிகள். ஒன்று லெஸ்லியுடையது, மற்றது மகன் றஜீவுடையது.

செபமாலை எப்படி இதற்குள் வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஆரம்ப காலத்தில் ஒரு குளிர்காலம், ட்ரமொக்டர் கணவாயில் லெஸ்லி கண்ணயர்ந்து வண்டியைப் புல்லுக்குள் இறக்கிவிட்டார். ஒரு கீறலும் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு கிழமை கழித்துத்தான், அதுவும் சிரித்துக்கொண்டே, சொன்னார். பியற்றிஸ் சிரிக்கவில்லை. அன்றைக்கே சட்டம் போட்டாள்: பின்னேரச் செபமாலையை வீட்டில் அவளும் வண்டிக்குள் அவரும் போனில் சேர்ந்து சொல்ல வேண்டும். ஊரில், குருநகரில் அவளுடைய வீட்டில் இருந்த வழக்கம்தான். "அருள் நிறைந்த" என்ற செபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று தொடங்கும் மறுபாதியை மற்றவர் சொல்லவேண்டும். பத்து முறை சொன்னதும் ஆள் மாறும். அடுத்த பத்துக்கு முன்பாதி சொல்லுகிறவர், எத்தனையாவது தேவ இரகசியம், அன்றைய கிழமைக்கு அது இயேசுவின் வாழ்க்கையில் எந்தச் சம்பவம் என்று முதலில் அறிவிக்கவேண்டும். வாய் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தால் கண் எப்படி மூடும்? பியற்றிஸின் கணக்கு அது. லெஸ்லிக்கும் பிடித்துக்கொண்டது. வண்டி ரோட்டுக் கோட்டை விட்டு விலகினால் எச்சரிக்கும் அலாரம் ஒன்று புது வண்டியில் இருந்ததை, "செபம் சொல்லேக்கை உது கீ கீ எண்டு கத்துது" என்று அவரே நிற்பாட்டி வைத்தார்.

பங்குச் சுவாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் இதை எடுத்துச் சொன்னார். ஓடுகிற லொறிக்குள்ளும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருக்கிறது என்றார். பூசை முடிந்ததும் பெண்கள் வந்து பியற்றிஸின் கையைப் பிடித்தார்கள். டூட்டிங்கில் இருந்து வந்த ஒருத்தி, வேலைக்கு ஊபர் ஓடுகிற தன் புருசனுக்கும் இனி இப்படித்தான் என்றாள். பியற்றிஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றாலும் உள்ளே பூரித்துப் போனாள். மனுசிதானே.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பூரிப்புக்கு முடிவு வந்தது. சாப்பிட்டுவிட்டு லெஸ்லி சோபாவில் சாய்ந்திருந்தார். பியற்றிஸ் செபத்தைத் தொடங்கினாள். லெஸ்லி மறுபாதி சொன்னார். அவருடைய நெஞ்சின்மேல் கிடந்த போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அவருடைய வாய் பிளந்திருந்தது. குறட்டை ஒன்று வந்தது. குறட்டை முடிந்ததும், பியற்றிஸ் தன் பாதியை முடித்த அதே கணத்தில், "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று தொடங்கி ஒரு சொல் பிசகாமல் முடித்தார். பிறகு இன்னொரு குறட்டை.

றஜீவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போனில் படமும் எடுத்தான். "அம்மா, டாட் ஓட்டோபைலட்டிலை போறார்!"

பியற்றிஸ் செபத்தை நிற்பாட்டவில்லை. நிற்பாட்டப் பயமாக இருந்தது. இன்னும் நாலு முறை சொன்னாள். நாலு முறையும் அவர் நித்திரையில் மறுமொழி சொன்னார். கோட்டும் தொப்பியுமாய் அவர் வடக்கே போன எல்லாப் பின்னேரங்களும் அவளுடைய கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அந்த இருட்டு ரோட்டில் இருந்து வந்த குரல் முழித்திருந்தவனுடைய குரல்தான் என்று யார் சொன்னது? அவளேதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்குப் படுக்கப் போகும் முன்னம் கேட்டாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் நித்திரையிலையும் செபம் சொல்லுறியள்."

"நல்லதுதானே. மற்றவன் நித்திரையிலை தூசணம் சொல்லுறான்."

"ரோட்டிலையும் உப்பிடித்தானோ?"

"விசர்க் கதை கதையாதை. ஸ்ரியறிங்கைப் பிடிச்சால் எனக்கு நித்திரை வராது."

"நித்திரையிலை உங்களுக்கு மூச்சு நிக்குது. எத்தினை தரம் தட்டி எழுப்பினனான்? ஒருக்கா டொக்டரிட்டைப் போவம்."

லெஸ்லி எழுந்து உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது. "டொக்டரிட்டைப் போனால் அவன் முதல் கேக்கிறது என்ன வேலை எண்டுதான். லொறி எண்டு சொன்னால் லைசென்ஸ் போச்சு. அதுக்குப் பிறகு நான் ஆர்? நீ ஆர்? நானும் நீயும் குசினிக்குள்ளை இருந்து ஆளை ஆள் பாத்துக்கொண்டிருக்கிறதோ?"

அவருடைய பயத்தையும் பாருங்கள். பொய்யான பயம் அல்ல. வேறு தொழில் தெரியாது, வேறு பெருமையும் கிடையாது. வடக்கே உள்ள சின்னச் சின்ன ஊர்களில் அவருடைய வண்டியின் ஹோர்ன் சத்தத்துக்குக் கடைக்காரர் வெளியே வருவார்கள். அந்த மரியாதை அவருக்கு லண்டனில் ஒரு தெருவிலும் கிடைத்ததில்லை. அடுத்த கிழமை அவர் வழக்கம்போலப் புறப்பட்டார்.

முதல் நாள் பிரச்சினை இல்லை. ஸ்டேர்லிங்குக்குப் பக்கத்தில் வண்டிக்குள்ளேயே படுத்து எழும்பினார். இரண்டாம் நாள் இன்வர்னெஸ்ஸில் பாதிச் சாமானை இறக்கிவிட்டு விக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னேரம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் குளிர்காலப் பின்னேரம் என்றால் கும்மிருட்டு. பியற்றிஸ் மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்திருந்தாள். வண்டி இருக்கும் இடத்தை வரைபடத்தில் ஒரு நீலப் பொட்டு காட்டும். றஜீவ் வேலை முடிந்து இன்னும் வரவில்லை. வீட்டில் அவள் மட்டும்.

செபத்தைச் சொல்லுவதா விடுவதா என்று அன்று முழுக்க அவளுக்குள் ஒரே போராட்டம். விட்டால் அவர் அந்த ரோட்டில் தனித்துப் போவார். சொன்னால் தானே தாலாட்டுப் பாடி நித்திரையாக்கின மாதிரி. கடைசியில், குரலையாவது கேட்போம் என்று போனை எடுத்தாள்.

முதல் பத்து நன்றாகத்தான் போனது. வழக்கம்போல நடுவில், முன்னால் போன வான்காரன் ஒருவனை லெஸ்லி திட்டினார். திட்டுக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. இரண்டாவது பத்து அவருடைய முறை. சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே போனார். பத்தோடு நிற்கவேண்டியது பதின்மூன்றோ பதினாலோ வரைக்கும் போனது. பியற்றிஸின் விரலில் செபமாலை மணி முடிந்துவிட்டது. அவருடைய வாய் முடியவில்லை. அவளே குறுக்கே புகுந்து பத்தை முடித்துவைத்து, மூன்றாவது இரகசியத்தைத் தொடங்கினாள்.

இப்போது திட்டு இல்லை. இருமல் இல்லை. குரல் ஒரே மட்டமாக, தண்ணீர் ஓடுவதுபோல வந்தது.

பியற்றிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "அருள் நிறைந்த" என்று தொடங்கவேண்டிய இடத்தில், அதே இராகத்தில், அதே நீளத்துக்கு, "குசினியிலை பைப் ஒழுகுது, ஆளைக் கூப்பிடவேணும், வந்து பாக்கச் சொல்லவேணும்" என்றாள்.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று மறுமுனையில் இருந்து வந்தது. "எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடம்வரை அந்தக் குரல் அவசரமில்லாமல் சொல்லி முடித்தது.

கத்தவேண்டும் என்று பியற்றிஸின் வாய் திறந்தது. கத்தினால் திடுக்கிட்டு ஸ்ரியறிங்கை வெட்டிவிடுவார். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் கல்மதில். கத்தாமல் விட்டால் இப்படியே போய் எதிலாவது ஏறுவார். போனை வைத்தால் அந்தக் குரலும் இல்லாமல் போகும். என்ன செய்வாள்? அவர் மறுமொழியை முடித்துவிட்டார். அவளுடைய பாதிக்காகக் காத்திருக்கிறார். அவள் தன்னை அறியாமலே இன்னொரு முறை செபத்தைச் சொன்னாள். அவர் பதில் சொன்னார். லொறி ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் நீலப் பொட்டு ஊர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. மறுபாதி சொல்லுவதற்கு மூளை தேவையில்லை. ஆனால் அடுத்த இரகசியத்தை அறிவிப்பதற்கு மூளை வேண்டும். எத்தனையாவது என்று எண்ணவேண்டும், என்ன கிழமை என்று நினைக்கவேண்டும். அவள் அந்தப் பத்தை நடுவிலேயே வெட்டி, "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று பத்தை முடிக்கும் செபத்துக்குத் தாவினாள். அவர் அதற்கும் மறுமொழி சொன்னார். பிறகு அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

இப்போது அவருடைய முறை.

எஞ்சின் சத்தம். ரயர் ஈர ரோட்டில் தேயும் சத்தம். வேறு ஒன்றும் இல்லை. இந்த மௌனத்தில் அவர் எழும்பாமல் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டால்? பியற்றிஸ் சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்தாள். மாதாவே என்று மனசுக்குள் கூப்பிடக்கூடப் பயந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு அந்தச் சொல்லே எதிரியாகத் தெரிந்தது.

"ம்…" என்றார் லெஸ்லி. பிறகு, "எத்தினையாவது இரகசியம்?"

"நாலாவது," என்றாள் பியற்றிஸ். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "அதுக்கு முதல் வண்டியை ஒருக்கா ஓரமா விடுங்கோ. ஒரு ஓடர் விசயம் பாக்கவேணும். ஆறுதலா, ஆறுதலா."

சிக்னல் டிக் டிக் என்று கேட்டது. வண்டி வேகம் குறைந்தது. பிரேக்கின் காற்று உஸ் என்று இறங்கியது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பியற்றிஸ் அழுதாள்.

"என்னப்பா? என்ன ஓடர்? ஏன் அழுகிறாய்?"

அவள் நடந்ததைச் சொன்னாள். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னதற்கு அவர் சொன்ன மறுமொழியையும் சொன்னாள். லெஸ்லி ஒத்துக்கொள்ளவில்லை. லைன் சரியில்லை, தனக்கு அது கேட்கவில்லை, பழக்க தோசத்தில் சொல்லியிருப்பேன் என்றார். சத்தம் போட்டார்.

"கொல்ஸ்பியிலை என்ன பாத்தனீங்கள்?" என்று பியற்றிஸ் கேட்டாள்.

"கொல்ஸ்பி இன்னும் வரேல்லை."

அவள் நீலப் பொட்டைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ. நீங்கள் நிக்கிறது கொல்ஸ்பி தாண்டி."

கொல்ஸ்பி என்றால் ஒரு நீளத் தெரு. பிரதான ரோட்டே ஊருக்கு நடுவால்தான் போகும். இரண்டு பக்கமும் வீடும் கடையும். ஆட்கள் குறுக்கே போகும் கடவையும் உண்டு. பின்னேரம் வேலை முடிந்து வருகிறவர்களும், நாயைக் கொண்டு நடக்கிற கிழவிகளும், சிப்ஸ் வாங்க வருகிற பிள்ளைகளும் அந்தத் தெருவில்தான் நிற்பார்கள். பதினெட்டுத் தொன் வண்டி அதற்குள்ளால் வந்திருக்கிறது. அதை ஓட்டியவருக்கு அது ஞாபகமில்லை. அவருடைய கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, அதுவும் தெரியாது.

வண்டியின் கதவு திறந்தது. காற்று இரைந்தது. அவர் போனையும் ரோர்ச் லைற்றையும் எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கத்துக்குப் போகிறார் என்பது பியற்றிஸுக்கு விளங்கியது. சரளைக் கல்லில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவர் குனிந்தபோது வந்த முனகலும் கேட்டது.

"சேறுதான்," என்றார். "சேறுதான் இருக்கு."

"வடிவாப் பாருங்கோ."

"பாத்தன்."

"பம்பருக்குக் கீழை பாத்தியளோ? ரயருக்குள்ளை?"

"பாத்தன், பியற்றிஸ். ஒரு துணித்துண்டுகூட இல்லை." மன்னார்க் கடலில் நேவி துரத்தின கதையைச் சிரித்துக்கொண்டு சொல்லுகிற மனுசன். அவர் பற்கள் கிடுகிடுவென்று அடிக்கிற சத்தம் தோர்ண்டன் ஹீத்துக்குக் கேட்டது. "ஆரும் அடிபட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்தானே?"

"ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்? உங்களுக்கோ?"

மழையும் பெய்துகொண்டிருந்தது. ரயரில் ஏதாவது இருந்திருந்தாலும் அந்த ஈர ரோட்டில் எத்தனை தூரம் தங்கியிருக்கும்? இரண்டு பேரும் அதை நினைத்தார்கள்.

பியற்றிஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, வீட்டு ரெலிபோனை எடுத்தாள். வடக்கே உள்ள பொலிசின் நம்பரை லப்டொப்பில் தேடினாள். விசைகள் தட்டுகிற சத்தம் லெஸ்லிக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"ஆருக்கு எடுக்கிறாய்?"

"பொலிசுக்கு. ஆரும் அடிபட்டவையோ எண்டு கேக்கப்போறன்."

"வேண்டாமப்பா." அவர் கெஞ்சினார். அவர் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. "நான் இதிலையே படுத்து நித்திரை கொள்ளுறன். விடியத்தான் வண்டியை எடுப்பன். டொக்டரிட்டையும் வாறன், சத்தியமா வாறன். இப்ப எடுத்தால் எல்லாம் போயிடும். லைசென்ஸ் போயிடும். றஜீவின்ரை தலையிலைதான் எல்லாம் விடியும். வேண்டாம், பியற்றிஸ்."

அவள் எடுத்தாள். முதல் முறை பிழையான நம்பர். இரண்டாம் முறை ஒரு இளம் பெண்ணின் குரல், அந்தப் பக்கத்து இழுவை இங்கிலீசில். பியற்றிஸ் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டாள்: இன்று பின்னேரம் கொல்ஸ்பித் தெருவில் யாராவது லொறியில் அடிபட்டார்களா?

ஒரு நிமிசம் பொறுக்கச் சொன்னாள் அந்தப் பெண். பியற்றிஸ் பொறுத்தாள். அந்தத் தெருவில் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் ஒரு பிள்ளையின் சிவப்புக் கோட்டு, ஒரு சப்பாத்து, ரோட்டோரத்தில் நின்று குலைக்கிற ஒரு நாய் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இல்லாத பிள்ளைக்கு அவள் மனம் ஒரு முகத்தையும் கொடுக்கப் பார்த்தது. கொடுக்காதே, கொடுக்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். அப்படி ஒன்றும் முறைப்பாடு இல்லை என்றாள். இதுவரைக்கும் இல்லை.

"ஒண்டும் இல்லையாம்," என்று பியற்றிஸ் மேசைப் பக்கம் திரும்பிச் சொன்னாள்; அங்கே கிடந்த போனுக்குள் லெஸ்லி மூச்சை விட்டது கேட்டது. பியற்றிஸும் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது ரெலிபோனை வைத்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நன்றி என்று சொல்லி வைத்தால், நாளைக்கு விக்கில் சாமான் இறங்கும். அடுத்த கிழமை மறுபடி வண்டி வடக்கே போகும். அவர் டொக்டரிடம் வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். சத்தியம் ஒரு கிழமைக்குத் தாங்கும். பிறகு இன்னொரு பின்னேரம், இன்னொரு தெரு.

"எதற்காகக் கேட்கிறீர்கள், மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

"என் கணவர் நித்திரையில் அந்த ஊருக்குள்ளால் லொறி ஓட்டிவிட்டார்," என்றாள் பியற்றிஸ். "அவர் இப்போது கொல்ஸ்பிக்கு வடக்கே ரோட்டோரத்தில் நிற்கிறார். அவரை இனி ஓட்ட விடாதீர்கள். தயவுசெய்து யாரையாவது அனுப்புங்கள்."

அந்தப் பெண் குரல் மாறி, வண்டியின் இலக்கத்தைக் கேட்டாள்.

பியற்றிஸ் சொன்னாள். இரண்டு லொறிகளின் இலக்கமும் இத்தனை வருசமாய் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அவள் வாயில் வருகிறவைதான். ஒவ்வொரு எழுத்தாய்ச் சொல்லி முடித்தாள்.

மேசையில் இருந்து லெஸ்லியின் குரல் வந்தது. கோபம் இல்லை. முழு முழிப்பில் இருக்கிற மனுசனுடைய குரல்.

"நீ சொன்னது றஜீவின்ரை லொறி நம்பர், பியற்றிஸ். ஓடினது நான். என்ரை லொறி நம்பரைக் குடு."

அவள் கொடுத்தாள்.